வேப்பமரம் வரை ஒரு டிரையல்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

தவக்காலம் முழுக்க நாள்தோறும் ஆன்ம சோதனை எழுத வேண்டும் என்று கான்வென்டில் மதர் இவாஞ்சலின் பழக்கியிருந்தார். அடுத்தவர் குற்றங்களை எழுதுவது ஆன்ம சோதனை ஆகாது என்றும் சொல்வார். மதர், என் கடை வேலையாள் இசக்கியப்பனோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர் அல்லர்.

காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு கடையைத் திறந்தேன். "நெத்தில கிரீஸும்மா" என்று இசக்கி கழிவுத்துணியை நீட்டினான். ஒவ்வொரு சாம்பல் புதனும் இதே நகைச்சுவை. ஒவ்வொரு வருஷமும் அவன் மட்டுமே சிரிக்கிறான்.

நான் செத்தபின் இதைப் படிக்கப்போகிற என் மகள் நிர்மலாவுக்காகச் சிலவற்றைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். கோயம்புத்தூரில் அவள் தன் தோழிகளிடம், அம்மா ஏதோ பிசினஸ் பார்ப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறாள். பிசினஸ் இல்லை. பாளையங்கோட்டையில் சவரி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கடையில் நான் மெக்கானிக். கான்வென்டில் ஆங்கிலத்துக்கு முதல் பரிசு வாங்கிய எமல்டா, மெக்கானிக் சவரிராயனைக் கல்யாணம் செய்துகொண்டபோது என் அக்கா மெர்சி துக்க வீட்டுக்காரிபோல் பாயில் படுத்துக் கிடந்தாள். கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தை நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் பிரித்து மாட்டுவார். வெறுமனே படித்துச் சொல்லிக்கொண்டிருக்க நான் என்ன ரேடியோவா? ஒரு நாள் ஸ்பேனரை நானே பிடித்தேன்.

சவரிக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தம். ஒத்துக்கொள்ளவே மாட்டார். காது மந்தமானவர்கள் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள்: மற்றவர்கள் முணுமுணுக்கிறார்களாம். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, பெட்ரோல் டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்து, பசுமாட்டைத் தடவுகிறவர்போல் நின்றுகொண்டிருப்பார். பார்க்கச் சகிக்காது. அப்போதுதான், ஆறு வருஷத்துக்கு முன்னால், கடைசி டியூனிங் என் கைக்கு வந்தது. ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால் என்ஜின் எவ்வளவு மெல்ல ஓட வேண்டும் என்பதைக் கார்புரேட்டரில் உள்ள ஒரு சின்ன ஸ்குரூ முடிவு செய்கிறது. கூட வைத்தால் வண்டி பெட்ரோல் குடிக்கும், துள்ளும். குறைத்து வைத்தால் சிக்னலில் அணையும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தக் காது வேண்டும்.

மற்ற வேலையெல்லாம் இசக்கி செய்யலாம். அந்த ஸ்குரூவை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. அது என் கையைவிட்டுப் போனால், நான் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு கிழவி. அந்த வகையில் பாளையங்கோட்டைக்குக் குறைவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கவில்லை. மணியடிக்கும் கோயில்பிள்ளை அருளப்பன் தவக்காலத்தின் முதல் நாளே தூங்கிவிட்டான்.

பிப்ரவரி 17, சனி

நான் டியூன் செய்து முடித்த ஒவ்வொரு வண்டியையும் இசக்கி "ஒரு டிரையல்" என்று தெருமுனை வேப்பமரம் வரை ஓட்டிக்கொண்டு போகிறான். போனவன் அங்கே நின்று ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் வருவான். வாடிக்கையாளரின் பெட்ரோல், என்னுடைய நேரம்.

"நான் பார்த்த வண்டிக்கு எதுக்குடா டிரையல்?" என்றேன்.

"பிரேக்கு பாக்கணும்லாம்மா."

"பிரேக்கை இங்கேயே பார்க்கலாம்."

"ஓடுனாத்தான பிரேக்கு. நின்னுகிட்டு இருக்க வண்டிக்கு எதுக்கு பிரேக்கு?"

ஐம்பது வயது ஆள். மீசைக்குச் சாயம் பூசுகிறான், தலைக்குப் பூசுவதில்லை. இவனிடம் தர்க்கம் பேசி ஜெயிக்க முடியாது. மேலும், போன வருஷம் தொட்டு ஒரு கெட்ட பழக்கம்: என் முகத்துக்கு நேரே வந்து நின்று, தேர்தல் கூட்டத்தில் பேசுகிறவன்போல் கத்துகிறான். பெரியவர்களிடம் பேசும் முறை இதுவா?

பிப்ரவரி 20, செவ்வாய்

குக்கர் விசில் பழுது. பருப்பு அடிப்பிடித்தது.

பிப்ரவரி 22, வியாழன்

புது விசில் வாங்கினேன். அதுவும் பழுது. இந்த நாட்டில் இனி ஒழுங்காக எதைத்தான் செய்வார்கள்?

பிப்ரவரி 27, செவ்வாய்

கிராம நர்ஸ் புஷ்பம் வந்தாள். பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறாள். அதில் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை அழவைப்பது அவள் உத்தியோகம். என் கடையில் உட்கார்ந்து டீ குடிக்க நான் அனுமதிக்கும் ஒரே ஆள். அந்தச் சலுகையை இன்று துஷ்பிரயோகம் செய்தாள்.

"எமல்டாக்கா, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கத்துல காது டாக்டர் ஒருத்தர் வந்திருக்காரு. நல்ல மனுசன். ஒரு வியாழக்கிழமை காட்டிருவோமா?"

"உனக்குக் காதில் என்ன?" என்றேன்.

அவள் டீயைக் குடித்தாள். ஊசி போடுகிறவர்களுக்கெல்லாம் தாங்களும் பாதி டாக்டர் என்று நினைப்பு.

மார்ச் 4, திங்கள்

மாலை மணியைப் பற்றி ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். சாம்பல் புதனிலிருந்து ஒரு நாளும் ஒழுங்காக அடிப்பதில்லை. அருளப்பனை என் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டார். அவன், "தினம் அடிக்கேன் சாமி. கை காப்புக் காச்சிப்போச்சு, பாருங்க" என்று உள்ளங்கையைக் காட்டினான். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தாலும் கை காய்க்கும். நான் அதைச் சொன்னேன். ஃபாதர் இளம் வயது. எதையும் முடிவு செய்யத் தெரியாமல் சிரித்தார். அருளப்பன் சிரிக்கவில்லை.

நிர்மலா போனில் பேசினாள். வழக்கம்போல் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இவ்வளவு பணம் கட்டிப் படிக்கவைத்ததில் வாயைத் திறந்து பேச மட்டும் கற்றுத்தரவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாடசாமியின் புல்லட். மூன்று கடையில் காட்டிவிட்டு வந்தார். சாவி போட்டால் கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் பையன்களுக்குக் கார்புரேட்டர் என்றால் பாட்டன் சொத்து மாதிரி. இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைத் தகடு விட்டு விரலால் பார்த்துச் சரிசெய்தேன். பிறகு டியூனிங். இசக்கி வழக்கம்போல் வேப்பமரம் வரை போய் வந்தான்.

எஸ்.ஐ. ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்து கேட்டார். பிறகு, "டியூனிங்னா இதுதாம்மா. இதய ஆஸ்பத்திரில கூட இப்படித் துடிக்காது" என்றார்.

போலீஸ்காரர்களின் உவமைகள் எப்போதும் மட்டம். ஆனால் மனிதருக்குக் காது இருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

இசக்கி லீவு கேட்டான். திங்கட்கிழமை பங்குனி உத்திரம். குடும்பத்தோடு களக்காட்டுக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கிற அவர்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகிறார்கள். அப்படியே மச்சினன் வீட்டில் நாலு நாள். போய்த் தொலை என்றேன். போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மா, நான் வார வரைக்கும் டியூனிங்கு வேல எடுக்காதிய. ஆயில் மாத்துங்க, செயினு டைட்டு வைங்க. டியூனிங்குன்னு வந்தா சனிக்கிழம வரச் சொல்லிருங்க."

"ஏன்? உன் உத்தரவு இல்லாமல் நான் ஸ்குரூடிரைவரைத் தொடக்கூடாதோ?"

"அதுக்கில்ல. வெயிலு கூடுதலா அடிக்கி. உங்களுக்கு எதுக்கு செரமம்னு."

டியூனிங் செய்வதற்கு உட்கார்ந்து ஒரு விரலை அசைத்தால் போதும். செயின் டைட் வைக்கத்தான் முதுகு ஒடிய வேண்டும். கழுதைக்கு எது சிரமம் எது சுகம் என்றுகூடத் தெரியவில்லை. இவன் இல்லாத வாரத்தில் டியூனிங் வேலை மட்டுமே எடுப்பேன்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

பாடகர் குழு இந்த வருஷம் உயிரே இல்லாமல் பாடுகிறது. வாய் மட்டும் அகலத் திறக்கிறார்கள்.

மார்ச் 25, திங்கள்

தனியாக மூன்று வண்டிகள். என்ன ஒரு அமைதி. டிரையல் இல்லை, சினிமாப் பாட்டு இல்லை, ஊர்வம்பு இல்லை. மூன்றும் சுத்தமாக, நன்றாகக் கேட்கும்படி ஓடின. அவன் இல்லாமல் இந்தக் கடை எவ்வளவு நன்றாக நடக்கும் என்பதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 26, செவ்வாய்

பால்காரர் தங்கபாண்டி வந்தார். நேற்று வண்டியை இங்கிருந்து எடுத்துப்போனதும் போட்ட பெட்ரோல் அதற்குள் தீர்ந்துவிட்டதாம். பெட்ரோலில் என்னத்தைக் கலக்கிறார்களோ, அதைப் பங்க்காரனிடம் போய்க் கேளும் என்று அனுப்பினேன்.

பத்திர ஆபீஸ் கிளார்க் வந்தார். கியர் போட்டால் வண்டி குதிரைபோல் எகிறுகிறதாம். கிளட்சை விடத் தெரியாதவர்கள் சொல்வது இது.

எஸ்.ஐ. மாடசாமி வந்தார். நேற்றுச் செய்த மூன்றில் அவருடைய புல்லட்டும் ஒன்று; ஆயில் மாற்றத்தான் கொண்டுவந்தார், நான் டியூனிங்கும் செய்து கொடுத்தேன். இறங்காமலேயே, "அம்மா, வண்டி நின்னுகிட்டே கத்துது. போன மட்டம் இப்படி இல்லியே" என்றார். வெயில் காலத்தில் என்ஜின் அப்படித்தான் இருக்கும் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விசாரணைக் கைதியைப் பார்ப்பதுபோல. "சரிம்மா, இசக்கி எப்பம் வருவான்?" என்றார்.

எல்லாருக்கும் இசக்கி வேண்டும். மீசைக்கு மதிப்பு.

மார்ச் 27, புதன்

புஷ்பத்தின் ஸ்கூட்டர். அந்த வண்டி எப்போதுமே ஊமை. ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியவில்லை. குனிந்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒரு வழியாக வாயைத் திறந்தது. புஷ்பம் அப்போது ஏதோ சொன்னாள். என்ஜின் ஓடும்போது பேசுவது அவள் வழக்கம். தலையாட்டினேன். போய்விட்டாள். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. நாளைக் காலையில் மூன்று ஊர் தடுப்பூசியாம்.

மார்ச் 28, பெரிய வியாழன்

புஷ்பம் விழுந்துவிட்டாள்.

பதினொரு மணிவாக்கில் அவள் புருஷன் செல்லத்துரை, ஸ்கூட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். சத்துணவுக்கூட வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஸ்டாண்டை எடுத்திருக்கிறாள். அவள் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லையாம். வண்டி தானாகப் பாய்ந்து அவளை இழுத்துக்கொண்டுபோய் அடிபம்பில் மோதியிருக்கிறது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருந்துக் குப்பிகள் எல்லாம் உடைந்தன. கைக்குழந்தையோடு ஒருத்தி அந்தப் பம்பில்தான் சற்று முன்வரை நின்றிருக்கிறாள்.

செல்லத்துரை பேசியது மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு சத்தமாகப் பேசினார்.

"உங்க கைக்கு வந்து போன வண்டின்னு நம்பித்தான ஏறுனா. பாருங்க, நீங்களே பாருங்க."

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தார். கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பின்சக்கரம் சுற்றியது. கியர் இல்லாத வண்டியில் என்ஜின் வேகம் குறைவாக இருந்தால் சக்கரம் சும்மா நிற்கும். கூடினால் தானாகவே பிடித்துக்கொண்டு சுற்றும். இது அரிச்சுவடி. சக்கரம் அப்படிச் சுற்றியது, திருவிழா ராட்டினம்போல. தெருவில் போன இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கியிருக்கும் என்றேன்.

அவர் போனபின் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். கேபிள் நன்றாக இருந்தது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கடை இல்லை. கஞ்சி மட்டும்.

இயேசு மரித்த நாளில் மணி அடிக்கமாட்டார்கள். மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இங்கே மட்டுமல்ல, உலகத்தில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் இன்று மணி கிடையாது. நாள் முழுக்க நிம்மதியாக இருந்தது.

மார்ச் 30, சனி

இசக்கி, நெற்றி நிறையத் திருநீறும் கையில் இன்று விடியலில் சாஸ்தா கோயிலில் வைத்த பொங்கலுமாக வந்தான். மூலையில் நிற்கும் புஷ்பத்தின் ஸ்கூட்டரைப் பார்த்தான். தெருவிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் பொங்கலை மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்தான். பின்பாக்கெட்டிலிருந்து சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்தான். குனிந்தான். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் மெல்ல மெல்ல நின்றது.

அந்த ஸ்குரூடிரைவர் அவன் பின்பாக்கெட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. பிரேக் பார்க்கப் போகிறவனுக்கு அது எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"என்னது எத்தன நாளு?"

"நடிக்காதே."

மீசையைத் தடவினான். "போன உத்திரத்துக்குப் பொறவு. ஒரு வருசம் இருக்கும்."

"எல்லா வண்டியும்?"

"எல்லாம்னு இல்ல. அநேகமா."

"வேப்பமரத்தடியில்."

"அங்கனதானம்மா நெழலு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன், உங்கள் மனசு நோகக்கூடாது என்று சொல்லியிருப்பான். இசக்கி அதைச் சொல்லவில்லை.

"சொன்னா கடையப் பூட்டிட்டு மக வீட்டுக்குப் போயிருவிய. பொறவு எம்பாடு? எவன் என்னைய வச்சுக்கிடுவான்? என் வாய்க்கு ஷோரூம்காரன் எட்டே நாள்ல வெரட்டிருவான். உங்களுக்கு நான் பேசுறதுல பாதி விழல. அதனாலதான் நாம இம்புட்டு நாளு ஒத்துமையா இருக்கோம்."

என் முதுகுக்குப் பின்னால் ஒரு வருஷம். எஸ்.ஐ.யின் பாராட்டு, நான் வாங்கி வைத்துக்கொண்டது, வேப்பமரத்தடியில் இவன் செய்த வேலைக்கு. கடையைவிட்டுப் போ என்றேன்.

"டூல்ஸு?"

"பிறகு எடுத்துக்கொள்."

போனான். பொங்கலை எடுத்துக்கொண்டு போகவில்லை. வீணாக்குவது பாவம் என்பதால் சாப்பிட்டேன். வெல்லம் அதிகம்.

மார்ச் 31, ஈஸ்டர்

காலைப் பூசை. 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கும்போது பீடச் சிறுவர்கள் கைமணிகளைக் குலுக்கினார்கள். குலுக்குவதைப் பார்த்தேன். கோபுரக் கயிற்றின் அடியில் அருளப்பன் நின்றான். நான் வழக்கமாக முன்வரிசையில் உட்காருவேன், அவனைப் பார்க்க முடியாது. இன்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன். அவன் கயிற்றோடு தரைவரை குனிந்து, குதிகால் எழும்ப மேலே போய், மறுபடி குனிந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கோ பக்கத்து ஊரில் அடிப்பதுபோல் மணி கேட்டது. பாதம் வைத்திருந்த தரை மட்டும் அதிர்ந்தது.

முடிந்ததும் அவனிடம் போய், "மணி நன்றாக அடித்தாய்" என்றேன். ஃபாதரிடமும் போய், மண்வெட்டி பற்றி நான் சொன்னது தவறு என்றேன். அருளப்பன் எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவன்போல் நின்றான். "எப்பவும்போலத்தானம்மா அடிச்சேன்" என்றான். இந்த ஜனங்களுக்கு ஒரு நல்ல வார்த்தையைக் கௌரவமாக வாங்கிக்கொள்ளத் தெரிவதில்லை.

அங்கிருந்து நேரே புஷ்பம் வீடு. மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் கேக் தின்றுகொண்டிருந்தாள். செல்லத்துரை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "கேபிள் இல்லை. நான் வைத்தது."

"தெரியும்க்கா" என்றாள். முகத்தை எனக்கு நேரே திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். "சத்தம் கூடுதலா இருக்கேன்னு அன்னிக்கே கேட்டேன். நீங்க தலையாட்டுனிய. எமல்டாக்கா தலையாட்டுனா சரியாத்தான் இருக்கும்னு ஏறிட்டேன்."

கேக் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, "அந்தக் கொழந்தைய நெனச்சாத்தான் எனக்கு ஒறக்கம் வரல" என்றாள்.

எனக்கும் என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன். கேக்கை என் பக்கம் நகர்த்தினாள். கடையில் வாங்கியது, முட்டைவாடை.

"வியாழக்கிழம?" என்றாள்.

"போகலாம்" என்றேன். எந்த வியாழக்கிழமை என்று நான் சொல்லவில்லை. அவள் உள்ளே திரும்பி, "ஏங்க, வார வியாழக்கிழம நம்ம எல்லாரும் காது டாக்டர்ட்ட போறோம், ஆட்டோ சொல்லிருங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். எனக்கே கேட்டது.

ஏப்ரல் 1, திங்கள்

நிர்மலா போன். புஷ்பம் விழுந்த செய்தி யார் மூலமோ அவளுக்குப் போயிருக்கிறது. இந்த முறை வாயைத் திறந்துதான் பேசினாள். போதும்மா, கடைய மூடிட்டு இங்க வந்துடு என்றாள். அவள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறதாம், ஏ.சி. போட்டிருக்கிறதாம். நாற்காலியும் இருக்கும்.

யோசிக்கிறேன் என்றேன். கடையில் உட்கார்ந்து யோசித்தேன். இசக்கியின் ஸ்பேனர்கள் அளவு வாரியாக அடுக்காமல், விறகுபோல் குவிந்துகிடந்தன. அடுக்கிவைத்தேன். அவனுக்காக இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

காலையிலேயே எஸ்.ஐ. மாடசாமி புல்லட்டை விட்டுவிட்டுப் போனார். "நீங்க பாத்தாலும் சரி, இசக்கி பாத்தாலும் சரி" என்றார். போலீஸில் இதற்குத்தான் ராஜதந்திரம் என்று பேரோ என்னவோ.

டாப்பெட்டை மறுபடி திறந்து தகடு விட்டுப் பார்த்தேன். தகடு உரசிக்கொண்டு நகர வேண்டும். பிடிக்கவும் கூடாது, நழுவவும் கூடாது. அது அச்சாக இருந்தது. டாப்பெட்டுக்குக் காது வேண்டாம், விரல் போதும். இன்றும் இந்த ஊரில் அந்த விரல் எனக்குத்தான். ஆனால் ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்குரூவின்மேல் கை வைத்ததும் கை அப்படியே நின்றது. கூட்டுவதா குறைப்பதா என்று தெரியவில்லை. அணைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு இசக்கி வந்தான்.

"டூல்ஸ் எடுக்க வந்தியா?"

"ஆமாம்மா."

எடுக்கவில்லை. அடுக்கியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்தான். "இதுல பத்தாம் நம்பரக் காணல" என்றான்.

"எட்டு-ஒன்பது ஸ்பேனருக்கு அடுத்து இருக்கிறது. உனக்கு எண் வரிசை தெரியாது என்பதால் தேட வேண்டியிருக்கும்."

"ஷோரூம்ல கேட்டேன். ஒன்னாந்தேதி வரச் சொன்னான். நேத்துத்தான் ஒன்னாந்தேதி. ஏப்ரல் ஒன்னாந்தேதி வேலைக்குச் சேந்தா வெளங்குமான்னு போகல."

மறுபடி வேலைக்கு வா என்று நான் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டான். புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்தான். பழக்க தோஷம், "ஒரு டிரையல் பாத்துட்டு வாரேம்மா" என்று ஹேண்டில்பாரைத் தெருப்பக்கம் திருப்பினான். பின்பாக்கெட்டில் ஸ்குரூடிரைவரின் மஞ்சள் கைப்பிடி தெரிந்தது.

"எங்கே போகிறாய்?"

"பிரேக்கு..."

"வெளியே வெயில். இங்கேயே செய்."

அவன் என்னைப் பார்த்தான். வண்டியைத் திருப்பி, என் ஸ்டூலுக்கு முன்னால் கொண்டுவந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினான். குனிந்தான். ஸ்குரூடிரைவரை எடுத்தான். இந்த ஆறு வருஷத்தில் அந்த ஸ்குரூவை நான் சொல்லி இன்னொருவர் தொடுவது இதுவே முதல் முறை. பார்க்காமல் இருக்க வேறு வேலை எதுவும் கைவசம் இல்லை. எழுந்து வண்டியின் மறுபக்கம் போனேன். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் டேங்கின்மேல் வைத்தேன்.

உள்ளங்கைக்குள் அது ஓடியது. தறிகெட்டு, அவசரமாக. அவன் திருகத் திருக, அவசரம் அடங்கியது. ஒவ்வொரு அடியாகப் பிரிந்தது. டும், டும், டும். காதுக்கு வந்தது கொஞ்சம்தான். மணிக்கட்டு வழியாக முழங்கைவரை முழுசாக வந்தது. சவரி ஏன் பசுமாட்டைத் தடவுகிறவர்போல் நின்றார் என்று அப்போது...

அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

"போதும்மா" என்று இசக்கி நிமிர்ந்தான்.

நான் கையை எடுக்கவில்லை. அடிகளுக்கு நடுவில் ஓர் இடறல் இருந்தது. ஐந்தாறு அடிக்கு ஒரு முறை, படியில் கால் தவறுவதுபோல. "ரொம்பக் குறைத்துவிட்டாய். சிக்னலில் அணையும்" என்றேன்.

"எனக்கு நல்லாத்தான கேக்கு."

"உனக்குக் கேட்கும். உனக்கு ஒரு நாளும் புரிந்ததில்லை. கால் சுற்று ஏற்று."

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான். முணுமுணுத்தது உண்மை, உதடு அசைந்ததைப் பார்த்தேன். இடறல் போயிற்று. அவன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மீசைக்குள் ஏதோ சொன்னான். சத்தமாகச் சொல் என்றேன்.

"இப்பம் சரின்னேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

மாலை எஸ்.ஐ. வந்து ஏறி உட்கார்ந்தார். யார் பார்த்தது என்று கேட்டார். நான் பில்லை நீட்டினேன், இசக்கி கை கழுவப் போனான்.

இனி டிரையல் கிடையாது என்று இசக்கியிடம் சொல்லிவிட்டேன். பெட்ரோலாவது மிஞ்சும்.